இடம் விட்டு அமரவும்

பின்னால் யாரோ இருமினார்கள். நான் திரும்பவில்லை. நான் திரும்பினால் இவரும் திரும்புவார், இவர் முகம் அந்தப் பக்கம் போகும், அது வேண்டாம். ஒரு இருமல்தானே, புரையேறியிருக்கும், கடலைத் தொலி தொண்டையில் ஒட்டியிருக்கும். தாலுகா ஆபீசில் என் டைப் மேஜைக்கு எதிரே வந்து நிற்கிற ஆட்களை இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, இது வறட்டு இருமல், இது பீடி இருமல், இது கையெழுத்துக்குக் காத்திருக்கிறவரின் செருமல் என்று காது தானாகப் பிரித்துவிடும். இது எதிலும் சேரவில்லை. இன்னொரு தடவை இருமினால் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். இருமிவிடக் கூடாதே என்றும் காத்திருந்தேன். ஹாக்கி மைதானத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். செயற்கைப் புல் நனைந்தால்தான் பந்து ஓடுமாம், இவர் சொன்னார். காற்று அந்தச் சாரலைக் கொஞ்சம் கேலரிப் பக்கம் கொண்டுவந்தது, எல்லோருக்கும் சுகமாக இருந்தது, எனக்கு மட்டும் அந்தப் பொடிப்பொடித் துளிகள் எப்படி மிதக்கின்றன, எவ்வளவு தூரம் வருகின்றன, யார் முகத்தில் படிகின்றன என்று பார்க்கத் தோன்றியது. தண்ணீருக்கே இவ்வளவு தூரம் என்றால் மூச்சுக்கு எவ்வளவு தூரம்.

எனக்கும் இவருக்கும் நடுவில் ஒரு இடம் காலி. சிமெண்டுப் படி முழுக்க ஒன்று விட்டு ஒன்று மஞ்சள் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு, சுவரில் 'இடம் விட்டு அமரவும்' என்று எழுதியிருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டியும் இடம் விட்டா என்று வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் நான் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக வீட்டில் நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம். ஆபீஸ் விட்டு வந்தால் பின்வாசலில் குளித்து, சேலையைச் சோப்புத் தண்ணீரில் போட்டு, அதற்கப்புறம்தான் அடுக்களைக்கு. இவர் முன்னறையில், நான் உள்ளறையில். தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். ஊர் முழுக்க மற்றவர்களைப் பார்த்துப் பயந்தது, நான் என்னைப் பார்த்துப் பயந்தேன். எனக்கு வந்தால் மூன்று நாள் காய்ச்சல், இவருக்கு வந்தால் என்ன ஆகும் என்று மதுரையில் டாக்டர் சொல்லியிருந்தார். சத்தமாகச் சொல்லவில்லை, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். மாத்து கிட்னி வச்சவங்களுக்கு உடம்பு அதை வெளியாள்னு தள்ளாம இருக்கத்தானே இந்த மாத்திரை, அதுனால உடம்புக்கு எதிர்த்து நிக்கிற தெம்பையே நாம கொறச்சு வச்சிருக்கோம், தடுப்பூசி போட்டாலும் முழுசா நம்ப முடியாதும்மா, கூட்டம் மட்டும் வேண்டாம். கூட்டம் மட்டும் வேண்டாம். அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறோம். இவர் வயிற்றில், வலது பக்கம் அடியில், ஓடிக்கொண்டிருக்கிற கிட்னி என்னுடையது. என் இடது விலாவுக்குக் கீழே இருக்கிற தழும்பு வியர்வையில் அரிக்கிறது. பொது இடத்தில் சொறிய முடியாது. முழங்கையால் பையை அழுத்துகிற மாதிரி அதை அழுத்திக்கொண்டேன்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று வாசலில் ஆரம்பித்து இதுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டோவில் மைக் கட்டி, ரசிகப் பெருமக்கள் தடுப்பூசிச் சான்றிதழுடனும் முகக்கவசத்துடனும் வரவும் என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், முன்னறையில் டிவி சத்தம் நின்றது. அவ்வளவுதான். மறுநாள் காலையில் இவர் அடுக்களை வாசலில் வந்து நின்று, "செமி ஃபைனலுக்குப் போறேன்" என்றார். போகட்டுமா என்று கேட்கவில்லை. இரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் கேட்பார். மொட்டை மாடிக்குப் போகட்டுமா, கடையை ஒரு நடை பார்த்துட்டு வரட்டுமா. மோட்டார் காயில் கட்டுகிற கடை, இப்போது இவர் தம்பி பார்க்கிறார். வேண்டாம் என்பேன், சரி என்று திரும்பிவிடுவார். கோபப்பட்டால்கூட நன்றாக இருக்கும், படமாட்டார். அப்படித் திரும்பித் திரும்பியே இவர் பேச்சு குறைந்து குறைந்து, கடைசியில் வீட்டில் குக்கர் விசில்தான் பெரிய சத்தம் என்று ஆகிவிட்டது. போறேன் என்று அன்றைக்குச் சொன்னபோது, யார் வீட்டு ஆளோ வந்து பேசுகிற மாதிரி இருந்தது. நானும் வாரேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் ஒரு ஹாக்கி மேட்ச் நான் பார்த்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் கத்தினாள், ஏம்மா நீயும் சேந்துக்கிட்டு ஆடுத என்று. ஆடவில்லை, காவலுக்குப் போகிறேன் என்றேன். ஒரு பக்கம் நானே மறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பக்கத்துக் காற்றாவது குறையும் இல்லையா. இப்படியெல்லாம் யோசிக்கிறவள் அறிவுள்ளவளா என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

ஆட்டம் தொடங்குமுன் ஒருவர் ஏறி வந்தார். பழைய கபடி ஆள் மாதிரி உடம்பு, நரைத்த கிருதா. "கேலரி கோமதி அண்ணாச்சியா? உசுரோடதான் இருக்கீகளா?" என்று கையை நீட்டிவிட்டார். இவர் பெயர் கோமதிநாயகம், கேலரி கோமதி என்பது ஊர் வைத்த பெயர் என்று எனக்குத் தெரியும், காதால் கேட்டது இப்போதுதான். இவர் கையும் பாதி எழுந்தது. நான் பெருக்கல் குறியைத் தாண்டிக் குனிந்து, "கும்பிட்டாப் போதும்ணே" என்றேன். அந்தக் கை அப்படியே காற்றில் நின்றது, பிறகு கும்பிடாக மாறியது. இவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் இறங்கிப் போகும்போது, "செல்லப்பாண்டி இல்லாம இந்தப் பக்கமே வெறிச்சுன்னு கெடக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்லப்பாண்டி இவருடைய கூட்டாளி. இரண்டாவது அலையில் போய்விட்டார். அன்றைக்கு இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். நான் வாசலை மறித்து நின்றேன். இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான் நடந்தது. நான் நின்றது சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் நிற்பேன். சரியான காரியம் செய்துவிட்டு இத்தனை நாள் அது உறுத்துமா என்ன. சரியாகச் செய்தால் உறுத்தாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லைதான்.

விசில் ஊதினார்கள். டொக் என்று ஒரு சத்தம், கட்டை கட்டையில் பட்ட மாதிரி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ போய்விட்டது. எல்லோரும் ஒரே பக்கம் தலையைத் திருப்பினார்கள், நான் இவரைப் பார்த்தேன். நம்ம ஊர் டீம் பச்சைப் பனியன், எதிரே வடக்கேயிருந்து வந்த ரயில்வேக்காரர்கள் சிவப்பு. சிவப்பு உயரமாக, நிதானமாக இருந்தார்கள். கூட்டம் கத்த ஆரம்பித்தது. பாதிப்பேர் மாஸ்க் தாடையில் இருந்தது. கத்துவதற்கு இழுத்துவிட்டது திரும்ப ஏறவில்லை. எத்தனை வாய். இரண்டு வருஷம் மூடி வைத்திருந்த வாய்கள். வாய் இவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதே மறந்து போயிருந்தது. பல், நாக்கு, வெற்றிலைச் சிவப்பு, எல்லாம் வெயிலில் தெரிந்தது. இவர் மட்டும் கத்தவில்லை. கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் போட்டுவிட்ட இரட்டை மாஸ்க், கண் மட்டும் வெளியே. அந்தக் கண் பந்தோடு போய்க்கொண்டிருந்தது. கத்தவில்லையே, நல்லது. கத்தினால் ஆழமாக மூச்சு இழுக்க வேண்டும். கத்தவில்லையே. இதற்கா வந்தார். இருபது வருஷமாக இந்தக் கேலரியில் கத்தியவர் என்கிறார்கள், அவரை வாய்மூடி உட்கார வைத்திருப்பது எது, நானா, மாஸ்க்கா, உள்ளே இருப்பதா.

சிவப்பு ஒரு கோல் போட்டது. கோல் பலகையில் பந்து பட்ட சத்தம் கதவை அறைந்த மாதிரி கேட்டது. கேலரி முழுக்க உஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டது, நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெருமூச்சுக்குள்ளேதான் பின்னால் மறுபடி இருமல். இந்தத் தடவை ஒன்றல்ல, தொடர்ந்து. உள்ளே எதையோ சுரண்டி எடுக்கிற இருமல். இவர் பிடரிக்கு நேர் பின்னால். திரும்பிவிட்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், மாஸ்க் ஒரு காதிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, மாஸ்க்கை ஏத்திப் போடுங்க."

"போட்டுத்தானக்கா இருக்கு."

"காதுலல்ல இருக்கு. இருமுதீங்க. முன்னால ஆளு இருக்காகல்லா."

"இருமல் வந்தா இருமத்தான செய்யணும். அவ்வளவு பயமிருந்தா வீட்ல டிவில பாக்க வேண்டியதுதான."

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சொன்னதைத்தான் நானும் காலையிலிருந்து எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் அப்படிச் சுட்டது. "விடு வல்லி" என்றார் இவர், முன்னால் பார்த்துக்கொண்டே. விடு. எதை விட. மாத்திரைக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பதையா, ரத்தம் டெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டு கிரியாட்டினின் எவ்வளவு என்று தாள் வருகிற வரை தண்ணீர்கூட இறங்காமல் நிற்பதையா. கல்யாண வீட்டில், கோயிலில், எவளாவது ஒருத்தி இவரைப் பார்த்து, வல்லி கொடுத்த உசுருல்லா என்பாள். நான் சிரித்து மழுப்புவேன். அப்படி நான் ஒரு நாளும் நினைத்ததில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். ஆனால் இவர் ஊறுகாயைத் தொட்டால், படியில் வேகமாக இறங்கினால், மழையில் நின்றால், உள்ளே ஒரு குரல் என்னது, என்னது என்று சொல்லும். அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தேன். இன்றைக்குப் பொத்தக் கை வரவில்லை.

"விடுன்னா எப்படி விட? ஒங்களுக்கென்ன. அது என்னோடதுல்லா" என்றேன்.

சொன்னது மெதுவாகத்தான். கூட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. இவருக்குக் கேட்டது. முதலில் என் பையைப் பார்த்தார், பையைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தார் போல. பிறகு புரிந்தது, கண்ணில் தெரிந்தது. கண் மட்டும்தானே வெளியே இருந்தது, வேறு எங்கே தெரியும். வலது கை தானாக வயிற்றுக்கு அடிப்பக்கம் போனது. தூக்கத்தில்கூட அப்படித்தான் வைத்துக்கொள்வார், நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"உன்னோடதுன்னு நெனச்சுத்தான் வல்லி இத்தன நாளும் தூக்கிட்டுத் திரியுதேன்" என்றார். "எரவல் வாங்கின சாமானக் கொண்டுபோற மாதிரி. எங்கயும் இடிச்சிருவேனோன்னுட்டு." பிறகு, "எனக்குத் தந்தியா, பத்திரமா வச்சிருக்கச் சொல்லித் தந்தியா?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவர் குரலில் கேட்டார். பாதி ஆட்டத்துக்கு ஹூட்டர் ஊதியது. இவர் எழுந்து, படியில் ஒவ்வொன்றாக இறங்கி, கீழே கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அங்கே ஆள் அதிகம் இல்லை, வெயில் நேராக அடிக்கிற இடம்.

போய்க் கூட்டிக்கொண்டு வரலாம். என்ன சொல்லிக் கூட்ட. உங்களுக்குத்தான் தந்தேன் என்று சொல்லலாம், பொய்யில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்து, யாராவது கட்டாயப்படுத்தினாங்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இவர் செத்துப்போனால் நான் என்ன செய்வேன் என்ற பயம் கட்டாயப்படுத்தியது என்று சொல்லவில்லை, அது அவர்கள் கேட்ட கட்டாயம் இல்லை. அப்படியென்றால் இவருக்காகத் தந்தேனா, எனக்காகத் தந்தேனா. எனக்கு இவர் வேண்டும் என்று இவருக்குள் வைத்தேன். அப்புறம் அறைக்குள் வைத்தேன், கதவுக்குப் பின்னால் வைத்தேன். யோசனை இந்த இடத்துக்கு வந்ததும் முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிட்டது, இழுத்தால் கிழியும். "யக்கா" என்று பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான். மாஸ்க்கை மூக்கு வரைக்கும் ஏற்றியிருந்தான். "தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குற வேலக்கா. கொள்ளநாளா இருக்க இருமலு. டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சு, அது இல்ல. அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு என்ன?" சொன்னேன். அவன் கீழே வேலியோரம் நின்ற இவரைப் பார்த்தான். "அண்ணாச்சி இங்க கத்துறதக் கேக்கத்தான்க்கா இந்தப் பக்கம் வந்து உக்காருவோம். இன்னைக்கு ஒண்ணும் பேசலையேன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தூரத்து மூலைக்குப் போய்விட்டான். போன பிறகும், டெஸ்ட் எப்போது எடுத்தான், போன வாரமா போன வருஷமா என்று கேட்காமல் விட்டேனே என்றுதான் மனசு போனது. ஒரு மனுஷன் எழுந்து இடம் விட்டுப் போகிறான், அவனுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை, தேதி கேட்கத்தான் வருகிறது. என்னை என்ன செய்து வைத்திருக்கிறது இந்த இரண்டு வருஷம்.

ஆட்டம் மறுபடி தொடங்கி எவ்வளவு நேரமோ, பச்சை ஒன்றும் செய்ய முடியாமல் தடுத்துக்கொண்டே இருந்தது. கூட்டமும் சோர்ந்துவிட்டது. அப்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏலே, எடது பக்கம் காலியாக் கெடக்கு பாருலே!" யாரோ என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய குரல் அந்த முதுகிலிருந்து வரும் என்று தோன்றவில்லை. மறுபடி வந்தது, ஆடுகிற பையன் பேர் சொல்லி. கேலரியில் எங்கேயோ ஒருவர் சிரித்து, "அண்ணாச்சி வாயத் தொறந்துட்டாகப்பா" என்றார். அதன் பிறகு இவர் ஒன்று சொல்ல, கேலரி அதை வாங்கித் திரும்பச் சொல்ல, அப்படியே ஆகிவிட்டது. எனக்கு முதலில் வந்தது பயம்தான். இத்தனை பெரிய சத்தம் போட எவ்வளவு காற்று உள்ளே போகும். அந்தக் காற்றில் யார் யார் இருப்பார்கள். எழுந்துவிட்டேன். கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், போதும், கேள்விக்குப் பதில் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இறங்க இறங்கக் குரல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இவர் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மாஸ்க் மூக்கில் இருந்தது, அதற்குள்ளிருந்துதான் அவ்வளவும் வந்துகொண்டிருந்தது, காதோர நரம்பு புடைத்திருந்தது. நான் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்ததும் குரல் அப்படியே நின்றது. கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். வாசலில் நான் நின்ற அன்றைக்குச் செருப்பைக் கழற்றினார் பாருங்கள், அதே மாதிரி.

"போவமா?" என்றார்.

பின்னால் கேலரி அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தது. பச்சைப் பனியனில் ஒருவன்கூட ஓடிக்கொண்டே ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தான். நான் போவம் என்றால் இவர் வருவார், ஒரு சொல் சொல்லமாட்டார், ஆட்டோவில் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இதற்கு மேல் இவர் பத்திரமாக இருக்க முடியாது என்கிற அளவுக்குப் பத்திரமாக இருப்பார்.

"முடியட்டும்" என்றேன்.

பச்சைக்குக் கடைசியில் ஒரு பெனால்ட்டி கார்னர் கிடைத்தது. இவர் எனக்குக் கையால் காட்டிச் சொன்னார், அங்கே பார், அவன் தள்ளுவான், இவன் நிறுத்துவான், அந்த உயரமான பையன் அடிப்பான். நான் அங்கே பார்த்தேன். இவர் சொன்ன மாதிரியே தள்ளினான், நிறுத்தினான், அடித்தான். சிவப்பு கோல்கீப்பர் காலில் பட்டு வெளியே போய்விட்டது. ஹூட்டர். நம்ம ஊர் தோற்றுவிட்டது. பின்னால் ஒருவர் இரைந்து வைதார், ஒருவர் கை தட்டினார், கூட்டம் வாசலைப் பார்த்து நெருக்கிக்கொண்டு போனது. நாங்கள் போகவில்லை. எல்லாரும் போகட்டும் என்று வேலியோரமாகவே நின்றோம். போகும்போது சிலர் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார்கள், இவரும் தூக்கிக் காட்டினார். அவர்களில் யார் யாருக்கு இன்றைக்குக் காலையில் தலைவலி இருந்தது, யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது உள்ளே. முடியட்டும் என்று சொன்னதால் அது அடங்கிவிடவில்லை. சொன்ன வாய் என்னுடையதுதான் என்பதும் கூடச் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஆள் குறைந்த பிறகு இவர் பேச ஆரம்பித்தார். அந்தப் பையன் பந்தை ஒரு சாண் வலது பக்கம் அடித்திருந்தால் உள்ளே போயிருக்கும், கீப்பர் முன்னாலேயே சாய்ந்துவிட்டான், கவனிச்சியா, சாய்ந்தவன் காலில் அடிச்சுட்டானே என்று. இரண்டு வருஷத்தில் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசுகிற மாதிரி. எனக்குப் பாதி விளங்கவில்லை. விளங்காததைவிட, குரல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கம்மியிருந்தது. நடுவில் நடுவில் காற்றாக மட்டும் வந்தது. கத்தினால் கம்மத்தான் செய்யும். நோயின் ஆரம்பமும் இப்படித்தான் இருக்கும் என்று ஆபீசில் சொல்லக் கேட்டிருக்கிறேன், முதலில் தொண்டை, அப்புறம்தான் மற்றதெல்லாம். ஆனால் இன்றைக்கே எப்படி வரும், வந்தாலும் நாலு நாள் கழித்துத்தானே வரும். அப்படியென்றால் இந்த நாலு நாளும் இந்தக் கம்மலைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இது எதனுடையது என்று தெரியாமல்.

"தொண்ட வலிக்கா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் விழுங்கிப் பார்த்துக்கொண்டார். "வலிக்கு" என்றார். "நல்லா இருக்கு."

சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்கிற மாதிரி இவர் கழுத்தில் புறங்கையை வைத்தேன். சுட்டது. வெயிலில் நின்ற உடம்பு சுடத்தான் செய்யும். எதற்காக வைக்கிறேன் என்று இவருக்குத் தெரியாமல் இருக்காது, ஆனாலும் நகராமல் நின்றார். நான் கையை எடுக்கவில்லை.